கண்ணாடிக்கு விரிப்புப் போடுகிறவள்

அலுமாரிக் கண்ணாடிக்கு மேலே ஒரு கட்டில் விரிப்பைத் தொங்கவிட்டு, அதன் இரண்டு நுனியையும் கதவிடுக்கில் செருகிவிட்டுத்தான் அக்கீலா கமராப் பையின் சிப்பை இழுப்பாள். அலங்காரம் முடிந்த மணமகள் கட்டிலில் வியர்த்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை வீட்டு வாகனம் சந்திக்கு வந்துவிட்டதென்று செய்தி வரும். வரட்டும். அக்கீலாவுக்கு முதலில் கண்ணாடி. அடுத்தது மூலையில் அணைந்து கிடக்கும் டீவி, அதன் கறுத்த திரையிலும் ஆள் தெரியும். அதற்கடுத்தது யன்னல் சீலை. தில்லையடியில் சோளகக் காற்று கிளம்பிவிட்டால் எந்தச் சீலையும் தொங்கவிட்ட இடத்தில் தொங்காது. அதற்கென்றே உடுப்புக் காயப்போடுகிற கிளிப் இரண்டு டசின் வைத்திருக்கிறாள்.

"ராத்தா, கண்ணாடி உங்களுக்கு என்ன செஞ்சது?" என்று குமர்ப் பிள்ளைகளில் ஒன்று கேட்கும்.

"அதுக்குள்ள உங்கட சாச்சி முக்காடில்லாம நிக்கிறா. அவவைப் படம் எடுக்கச் சொல்லி ஆர் கேட்டது?"

கேட்டவள் திரும்பிப் பார்ப்பாள். சாச்சி உண்மையிலேயே ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்பார்.

கண்ணாடி வேலை முடிந்தால் பை வேலை. பச்சைத் துணியில் அவளே தைத்த பை அது. அறை வாசலில் நின்றுகொண்டு உள்ளே வருகிற ஒவ்வொருத்தியிடமும் போனை வாங்கி அதற்குள் போடுவாள். இலக்கமிட்ட மட்டைத் துண்டொன்றைக் கிளிப்பால் போனோடு சேர்த்துக் கொழுவுவாள், அதே இலக்கத்தில் இன்னொரு துண்டு போன்காரியின் கைக்குப் போகும். மௌலவியின் மனைவி, பாடசாலை அதிபர், மாப்பிள்ளையின் கூடப்பிறந்த சகோதரி, யாருக்கும் தள்ளுபடி இல்லை.

"எங்கட வீட்டுக் கல்யாணத்துல என்ட போனையா கேக்குறீங்க?"

"உங்கட வீட்டுக் கல்யாணந்தானே, அதான் கேக்கிறன். போன் இல்லாட்டி மூச்சு முட்டுமெண்டா வெளிய பந்தலுக்குள்ள கதிரை போட்டிருக்கு. போய் இருந்து காத்து வாங்குங்க."

சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வழி இருக்கிறது. எல்லாருக்கும் ஸலாம் சொல்லி, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து விசாரிப்பாள். அன்பென்று நினைத்தால் ஏமாந்தீர்கள், அது சோதனை. புத்தளத்துக் கல்யாண வீடுகளில் அக்கீலாவின் கட்டிப்பிடியை விமான நிலையத்து மெஷினோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள்.

அந்தப் பை அவள் தோளிலிருந்து இறங்கி யாரும் கண்டதில்லை. நாற்பது ஐம்பது போன்களின் பாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டே குந்துவாள், கதிரையில் ஏறுவாள், கட்டிலில் முழந்தாளிட்டுப் படம் எடுப்பாள். சாப்பிடும்போது மடியில் வைத்துக்கொள்வாள். தொழும்போது முஸல்லா விரிப்பில் தனக்கு முன்னால் வைத்துக்கொள்வாள். "கொஞ்சம் நான் பிடிக்கட்டா?" என்று யாராவது இரக்கப்பட்டுக் கேட்டால், கேட்டவரின் போன் பைக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பாள். பதினொரு வருடப் பாரத்தில் இடத் தோள் வலத் தோளைவிட ஒரு விரற்கடை பதிந்துபோயிற்று.

படம் எடுத்து முடிந்ததும் கமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி ஒரு கடித உறைக்குள் இடுவாள். உறையை ஒட்டி, ஒட்டின இடத்தில் மணமகளின் உம்மாவைக் கையெழுத்து வைக்கச் சொல்லி, உறையை அவர் கையிலேயே கொடுத்துவிடுவாள். இரண்டு நாள் கழித்து அதே வீட்டுக்குப் போவாள். உறையை உம்மாவே பிரித்துக் கொடுக்க, லப்டொப்பில் போட்டு அங்கேயே இருந்து திருத்துவாள். அந்த லப்டொப்பின் கமராக் கண்ணில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். வேலை முடிந்து எழும்பும்போது, யாரும் கேட்கும் முன்பே தன் கைப்பையை மேசையில் கவிழ்த்துக் கொட்டிக் காட்டுவாள். சீப்பு, பனடோல், பஸ் டிக்கட், ஒரு டொபி.

அல்பம் அச்சடிக்கும் நாளில் அந்த உறையை வாங்கிக்கொண்டு சிலாபத்துக்குப் போக வேண்டும். அங்கே றோசலின் என்ற கத்தோலிக்கப் பெண் மெஷினில் நிற்கிறாள், ஆம்பிளைக் கை படாது. அதற்காக றோசலினை நம்புகிறாள் என்று எண்ணிவிடாதீர்கள். கடைசித் தாள் வெளியே வரும்வரை பக்கத்திலேயே நிற்பாள். மை பிசகிப் பழுதான தாள்களை ஒரு சொப்பிங் பேக்கில் சுருட்டிக்கொண்டு வந்து தன் வீட்டு அடுப்பில்தான் எரிப்பாள். "அக்கா, நான் மாதாவைக் கும்புடுறவள்" என்று றோசலின் ஒரு தரம் மனம் நொந்து சொன்னாளாம். "கும்புடுங்க. பழுதுத் தாளைத் தாங்க" என்றாளாம் இவள்.

கணவர் பதியுதீன் ஓட்டோ ஓட்டுகிறார். மனைவியை ஏற்றிக்கொண்டு வந்து, வெளியே பலர் ஒரே தட்டைச் சுற்றியிருந்து உண்ணும் சஹன் சோற்றில் பங்கு போட்டுக்கொண்டு, முடியும்வரை பந்தலில் காத்திருப்பார். அவள் எடுத்த மணமகள்களில் ஒருத்தியின் முகமும் அவருக்குத் தெரியாது. திரும்பிப் போகும் வழியில் "எப்பிடி இருந்திச்சி?" என்று கேட்பார். "வெளிச்சம் நல்லம்" என்பாள். பதினொரு வருடமாக இதுதான் பதில். ஒரு நாள் மட்டும் "வெளிச்சம் சரியில்ல" என்று சொன்னாளாம். அன்றைக்கு என்ன நடந்ததென்று அந்த மனுசன் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு சந்தேகம் எங்கிருந்து வந்தது? அவள் தொழில் பழகினது ஒரு ஸ்டூடியோவில். பேரும் ஊரும் வேண்டாம். அந்த முதலாளி மணமகள் படங்களில் தனக்குப் பிடித்ததை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறவர். அப்படி ஒன்றைப் பெரிதாக்கி, கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளம்பரமாக வைத்துவிட்டார். பிள்ளையின் வாப்பா வந்து பெட்டியை உடைத்தார். உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளினவள் அக்கீலா. கையில் கீறின தழும்பு இப்போதும் இருக்கிறது. படம் எடுப்பது லேசு, எடுத்த படத்தைக் காவல் காப்பதுதான் தொழில் என்று அன்றைக்கு விளங்கினதாகச் சொல்வாள்.

காவல் இல்லாமல் அவள் எடுக்கிற படங்களும் உண்டு. ஞாயிறு விடியற்காலையில் உப்பளப் பாதைக்குப் போவாள். புத்தளத்துக் கழுதைகள் வரம்பில் வரிசையாக நிற்கும், பின்னால் கிடுகு போட்டு மூடின உப்புக் குவியல்கள், அதற்கும் பின்னால் களப்பு. சேற்றில் முழங்கால்வரை இறங்கி மணித்தியாலக் கணக்காக நிற்பாள். "கழுதை முக்காடும் கேக்காது, கார்டும் கேக்காது" என்பாள். சும்மா சொல்லக்கூடாது, அவை படங்கள். ஈர உப்பில் தலைகீழாக நிற்கிற கழுதையின் நிழலைப் பார்த்தால் நம் ஊர்க் கழுதைக்கு இத்தனை அழகு எங்கிருந்து வந்ததென்று தோன்றும். கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்பாள். கண்டக்குழியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பறையில் அதிலொன்று சுவரளவுக்குத் தொங்குகிறது, அவள் பேர் இல்லாமல். பதியுதீனுக்குப் பொறுக்கவில்லை, போய்ச் சண்டை பிடிக்கப் புறப்பட்டார். அவள் விடவில்லை.

"என்ட பேரைப் போட்டா மணமகள் வீட்டாக்கள் என்ன நினைப்பாங்க? இவள் படத்தை வெளிய குடுக்கிறவள் எண்டு நினைப்பாங்க. கழுதையெண்டாலும் படம் படந்தான்."

இப்படிப்பட்டவள் மேல்தான் பழி வந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் கிழமை தில்லையடியில் றைஸாவின் மகள் ஸஹ்னாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குறிஞ்சிப்பிட்டி அம்ஜத், வெங்காயத் தோட்டக்காரக் குடும்பம்; கல்யாணத்துக்குப் பிறகு வழக்கப்படி பெண் வீட்டில்தான் இருப்பு. றைஸா லேசுப்பட்ட ஆள் இல்லை. சந்தேகத்தில் அக்கீலாவுக்கு அக்காக்காரி என்று சொல்லலாம். உறையில் கையெழுத்தைத் தமிழிலும் அரபியிலும் வைத்தார். கார்டை அலுமாரியில் பூட்டித் திறப்பைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். திருத்தும் நாளில் தஸ்பீஹ் மணியும் கையுமாகப் பக்கத்தில் இருந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டு இரண்டு பேரும் நாலு மணித்தியாலம் இருந்தார்கள்.

"இதை எடுத்துடுங்க" என்று றைஸா திரையில் விரலை வைத்தார். ஸஹ்னாவின் இடப் புருவத்துக்கு மேலே சின்னத் தழும்பு, சிறுவயதில் கிணற்றுக்கட்டில் விழுந்தது.

"வேணாம் உம்மா. அவர் பொண்ணு பாக்க வந்த அண்டைக்கே அதைக் கண்டவர்தானே" என்றாள் பின்னால் நின்ற ஸஹ்னா. தழும்பு தப்பியது. பிறகு மெல்லக் கேட்டாள்: "ராத்தா, அவரோட சேந்து எடுத்த படம் ஒண்டை இப்ப என்ட போனுக்கு அனுப்பலாமா?"

"அல்பம் ஒரு மாசத்துல வரும்" என்றாள் அக்கீலா. கார்ட் உறைக்குள் போயிற்று, உறை அலுமாரிக்குள் போயிற்று.

திருத்திக் கொடுத்த மறுநாள் ஓட்டோத் தரிப்பிடத்திலிருந்து பதியுதீன் பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"றைஸாட மகள்ட படம் போன்ல சுத்துதாம். தலை மூடாத படம். உன்னைத்தான் சொல்றாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பார்த்திருக்கவில்லைதான். அந்த மனுசனுக்கு அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

பின்னேரத்துக்குள் இரண்டு கல்யாண வீட்டார் போன் எடுத்தார்கள். ஒருவர் மாப்பிள்ளை பக்கம் படமே வேண்டாமென்றுவிட்டார்கள் என்றார். மற்றவர் கல்யாணத்தையே சுருக்கிவிட்டதாகச் சொன்னார். இரண்டும் பொய் என்று அவளுக்குத் தெரியும். கமரா உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். இந்தப் பெண்பிள்ளையை உள்ளே விடலாம் என்கிற பேர் போனால் அதை எந்தக் கடையில் வாங்குவது? அடுத்த நாள் காலையில் அபாயாவை மாட்டிக்கொண்டு, கூப்பிடாமலே பதியுதீனின் ஓட்டோவில் றைஸாவின் வீட்டுக்குப் போனாள்.

மண்டபத்தில் மூன்று பேர் இருந்தார்கள். றைஸா, அவருடைய மூத்த சகோதரர் உசனார் நானா, அம்ஜத்தின் உம்மா. ஸஹ்னா உள்ளறைச் சீலைக்குப் பின்னால் நின்றாள், கால் மட்டும் தெரிந்தது. மருதாணி இன்னும் மங்கவில்லை.

"எங்கட மருமகள்ட தலைமுடியை ஊரே பாத்துட்டுது" என்றார் அம்ஜத்தின் உம்மா. "ஆர் செஞ்சதெண்டு தெரியாம என்ட மகனை இந்த வீட்டுல வெச்சிருக்க ஏலாது. நான் கூட்டிக்கொண்டு போயிடுவன்."

"அந்தப் படத்தைக் காட்டுங்க" என்றாள் அக்கீலா.

உசனாரின் சட்டைப் பையில் போன் இருந்தது. அவர் பையைக் கையால் பொத்திக்கொண்டார். "அதெல்லாம் பாக்கக் கூடாத படம், தங்கச்சி."

"நீங்க பாத்தீங்கதானே நானா?"

"தெரியாமப் பாத்துட்டன்."

"எத்தின தரம்?"

உசனார் சட்டைப் பையை இன்னும் இறுக்கிப் பொத்தினார். ஊரே பார்த்த படத்தை, எடுத்ததாகப் பழி சுமக்கிறவளுக்கு மட்டும் காட்ட மாட்டார்களாம். கடைசியில் றைஸாதான் தன் போனை நீட்டினார், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அக்கீலா பார்த்தாள். விரித்த தலைமுடி, கழுத்தில் நகை, சிரிப்பு. பின்னால் அவள் தொங்கவிட்ட கட்டில் விரிப்பு. அது அவள் அறைக்குள் வந்ததற்குப் பிறகு எடுத்த படம். மற்றவர்களுக்கு அந்த விரிப்பே போதும், வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் தழும்பு வலப் புருவத்தில் இருந்தது.

அவள் இன்னொரு தரம் பார்த்தாள். வலப் புருவந்தான். இரண்டு நாளைக்கு முன் நாலு மணித்தியாலம் அவள் பார்த்த தழும்பு இடப் பக்கத்தில் இருந்தது. கமரா பக்கத்தை மாற்றாது. போனின் முன் கமராதான், கண்ணாடியில் தெரிகிற மாதிரி, முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளும். படத்தின் ஓரத்தில் ஒரு தோள் மேலே எழும்பியிருந்தது, அதிலிருந்து கை படத்துக்கு வெளியே நீண்டு போயிற்று. ஸஹ்னாவின் தோள், ஸஹ்னாவின் கை. நாற்பத்தொரு போன்களைச் சோதித்து வாங்கின அக்கீலாவுக்கு மணமகளிடம் போன் கேட்க வேண்டுமென்று தோன்றவில்லை. பதினொரு வருடமாக ஒரு மணமகளிடமும் அவள் கேட்டதில்லை. கல்யாணப் பெண்ணை யார் சந்தேகப்படுவது?

யாருக்காக எடுத்திருப்பாள் என்று கேட்கவும் வேண்டுமா? அந்த நேரம் பள்ளிவாசலில் நிக்காஹ் எழுதி முடிந்திருந்தது. புருசனுக்கு அனுப்ப ஒரு மனைவி எடுத்த படம், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் இந்த மண்டபத்தில் அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அக்கீலாவுக்கு நன்றாகத் தெரியும். படம் அம்ஜத்தின் கையிலிருந்துதான் நழுவியிருக்கும், அந்தக் கைத்தவறு ஒரு கிழமையில் மறந்துபோகும். தன்னைத் தானே படம் எடுத்து ஊருக்கு விட்டவள் என்ற பேர் ஸஹ்னாவின் பிள்ளைகள் காலத்துக்கும் ஒட்டிக்கொண்டு வரும். சொல்லாவிட்டால் அக்கீலாவின் தொழில் போகும். "தழும்பைப் பாருங்க" என்ற இரண்டு சொல்லில் அவள் தப்பிவிடலாம். அந்த இரண்டு சொல்லும் நாக்கு நுனியில் வந்து நின்றன. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தப் பெண் மேல், அம்ஜத் மேல், எல்லாரையும்விடத் தன் மேல்.

சீலைக்குக் கீழே ஸஹ்னாவின் கால் விரல்கள் சீமெந்துத் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"இது என்ட கமரா எடுத்தது இல்ல" என்றாள் அக்கீலா. "போன்ல எடுத்தது. ஆனா பிழை என்டதான். அறைக்குள்ள ஒரு போனை நான் வாங்காம விட்டுட்டன்."

"ஆர்ட போன்?" என்றார் அம்ஜத்தின் உம்மா.

"அதைச் சொல்ல மாட்டன். காவலுக்கு நிண்டவள் நான். விட்டது நான்."

சொல்லிக்கொண்டே றைஸாவின் போனில் அந்தப் படத்தை அழித்தாள்.

"அதை ஏன் அழிச்சீங்க?" றைஸா எழும்பிவிட்டார்.

"வெச்சிருந்து என்ன செய்யப் போறீங்க ராத்தா? உங்கட மகள்தானே. நானா, உங்கட போனையும் தாங்க." உசனார் தந்துவிட்டார். மறுக்கிற முகம் அவருக்கு மிச்சமிருக்கவில்லை.

குற்றவாளி கிடைத்துவிட்டதில் மண்டபத்துக்கு ஒரு நிம்மதி. கவனக்குறைவான பெண்பிள்ளை, இனி இவளைக் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான் என்று அம்ஜத்தின் உம்மா முடித்துவைத்தார். மகனைக் கூட்டிக்கொண்டு போகிற பேச்சு அத்தோடு நின்றது. தேத்தண்ணி தரவில்லை. அக்கீலா செருப்பை மாட்டிக்கொண்டு படலைக்கு வரும்போது, கிணற்றடிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஸஹ்னா ஓடிவந்தாள்.

"ராத்தா, அவருக்கு மட்டுந்தான் அனுப்பினன். ரெண்டு பேரையும் ஒரே படத்துல சேத்துத் தரச் சொல்லி அவர் கூட்டாளி ஒருத்தருக்குக் குடுத்திருக்கார். அந்தாள்ட போன்லயிருந்து எப்பிடிப் போனதெண்டு அவருக்கே தெரியாதாம்." அழுதுகொண்டே சொன்னாள். "அல்பம் வர ஒரு மாசமெண்டீங்க. கார்டும் உம்மாட அலுமாரிக்குள்ள. எங்ககிட்ட சேந்து நிக்கிற படம் ஒண்டும் இருக்கல்ல."

அக்கீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாரிடமிருந்தும் பூட்டி வைத்தாள், அந்த இரண்டு பேரிடமிருந்தும் சேர்த்து. படம் யாருடையதோ அவர்களுக்கே கிடைக்கவில்லை.

"போ உள்ளுக்கு. முக்காடு நழுவுது" என்றாள். ஓட்டோவில் ஏறினதும் பதியுதீன் என்ன நடந்ததென்று கேட்டார். "வெளிச்சம் சரியில்ல" என்றாள். அவர் ஓட்டோவை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

மூன்று மாதம் வேலை இல்லை. கமரா பிஸ்கட் டின்னுக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் பொறுக்கிச் சேர்த்த ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு கிடந்தது. உப்புக் காற்றுக்கு அப்படி வைக்காவிட்டால் லென்சில் பூஞ்சணம் பிடிக்கும். கல்யாண வீட்டு மேளச் சத்தம் தில்லையடிப் பக்கம் கேட்டால் எழும்பி யன்னலைச் சாத்துவாள். கழுதைப் படம் எடுக்கவும் போகவில்லை. சந்தைக்குப் போனால் பேச்சு நிற்கும், அவள் தாண்டிப் போனதும் தொடங்கும். றோசலின் மட்டும் சிலாபத்திலிருந்து போன் எடுத்து, "அக்கா, பழுதுத் தாள் சேந்து கிடக்கு, எரிக்க வாங்களேன்" என்றாள். அன்றைக்குத்தான் அக்கீலா கொஞ்சம் அழுதாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை குறிஞ்சிப்பிட்டியிலிருந்து அழைப்பு வந்தது. அம்ஜத்தின் தங்கச்சி நிஃப்லாவுக்குக் கல்யாணம். பேசினவர் அம்ஜத்தின் உம்மாவேதான், குரலில் சீனி போடாத தேத்தண்ணிக் கசப்பு. "மருமகள் ஒத்தைக் கால்ல நிக்கிறாள். அக்கீலா ராத்தா வராட்டித் தானும் அறைக்குள்ள வர மாட்டாளாம். மகனும் அதையேதான் சொல்றான். என்ன மாயமோ." யார் யாரிடம் எவ்வளவு சொன்னார்கள் என்று அக்கீலா கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

குறிஞ்சிப்பிட்டி வீட்டில் இரண்டு அலுமாரி, இரண்டிலும் ஆளுயரக் கண்ணாடி. இரண்டையும் மூடினாள். டீவியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். யன்னலுக்கு ஆறு கிளிப். வாசலில் நின்று எல்லாரையும் கட்டிப்பிடித்தாள், அம்ஜத்தின் உம்மாவையும் சேர்த்து. அவருடைய இடுப்பில் ஒரு போன் அகப்பட்டது. அவரே எடுத்துத் தந்தார்.

பிறகு அக்கீலா கட்டிலடிக்குப் போய் மணமகளுக்கு முன்னால் நின்று பையின் வாயை விரித்தாள்.

"எனக்குமா?" என்று நிஃப்லா சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கல்யாணப் பெண்ணிடம் போன் கேட்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது?

"உங்களுக்குந்தான். மாப்பிள்ளை உள்ள வந்ததும் ரெண்டு பேரையும் சேத்து எடுப்பன். அதுல ஒண்டை அப்பவே உங்க ரெண்டு பேர்ட போனுக்கும் நானே போட்டுத் தருவன். அதுக்கு முந்தி ஒண்டும் இல்ல."

நிஃப்லா இன்னும் விளையாட்டென்றே நினைத்தாள். கட்டிலின் மறுபக்கத்தில் நின்ற ஸஹ்னா குனிந்து, தலையணைக்கடியில் கையை விட்டு, மச்சாளின் போனை எடுத்துப் பைக்குள் போட்டாள். யாரையும் பார்க்கவில்லை. பிறகு தன் போனை எடுத்து அணைத்து அதையும் போட்டாள். அக்கீலா இரண்டுக்கும் கிளிப் மாட்டி, நிஃப்லாவிடம் ஒரு மட்டைத் துண்டையும் ஸஹ்னாவின் கையில் மற்றதையும் கொடுத்தாள். ஸஹ்னாவுடையது, வாசலில் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த இலக்கம் ஒன்று.

வெளியே வாகனச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். அக்கீலா போன் பையின் சிப்பை இழுத்து மூடினாள். ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடினாள். பிறகு பட்டியைத் தலைக்கு மேலால் கழற்றி, பையை ஸஹ்னாவின் தோளில் குறுக்காகப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கமராவைத் தூக்கினாள்.